சுவரைப் பார்த்து நின்றவன்

லண்டனுக்கு இரண்டு வாரப் பயிற்சிக்குப் போகிறேன் என்று தெரிந்ததும் திருச்சியில் என் அலுவலகத்தில் ஆளுக்கொரு வேண்டுகோள் வைத்தார்கள். கணக்குப் பிரிவில் இருந்தவர் சவர பிளேடு கேட்டார். ஸ்டோர்ஸ் மேற்பார்வையாளர் சென்ட் கேட்டார். மற்றவர்கள் எல்லோரும் கதவைச் சாத்திவிட்டு, 'அந்த மாதிரி' ஷோ ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து விவரமாகச் சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. வெளிநாடு போய் வருகிறவன் ஊருக்கே கண்ணும் காதுமாக இருக்க வேண்டிய காலம். நான் முகத்தைச் சுளித்து, வேறு வேலை இல்லையா என்றேன். சுளித்தது போதவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

வீட்டில் வேறொரு வேண்டுகோள் காத்திருந்தது. எங்கள் மாடியில் குடியிருந்த கனகசபை யாழ்ப்பாணத்தில் போஸ்ட் மாஸ்டராக இருந்தவர். சண்டைக்குத் தப்பி, மகள் சுகந்தியோடு படகேறி வந்தவர். சுகந்தி தட்டச்சு நிலையத்தில் வேலை பார்த்தாள். லண்டனில் இருக்கும் குகன் என்ற பையனோடு அவளுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். போட்டோக்கள் கைமாறியிருந்தன. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவனிடமிருந்து போன் வரும். போன் இருந்தது எங்கள் ஹாலில். மணி அடித்ததும் என் மனைவி சரோஜா டி.வி. சத்தத்தைக் குறைப்பாள். கனகசபை பக்கத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். சுகந்தி எங்கள் எல்லோர் முன்னாலும் "ஓம்... ஓம்... சாப்பிட்டாச்சு" என்பாள். அதற்கு மேல் ஒரு காதல் வளர அந்த ஹாலில் இடமில்லை.

"பெடியனை ஒருக்காப் போய்ப் பாத்துப்போட்டு வந்து ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. நீங்கள் சரியெண்டால் நாள் வைக்கலாம்," என்றார் கனகசபை. ஒரு பெண்ணின் வாழ்க்கை என் ஒரு வார்த்தையில் தொங்குகிறது என்றதும் பயமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

லண்டனில் என்னோடு அறையைப் பகிர்ந்துகொண்டவர் பழனிச்சாமி. கோயம்புத்தூரில் பம்பு செட் பட்டறை வைத்திருப்பவர். அக்டோபர் குளிருக்குப் பயந்து, காது மூடும் குரங்குக் குல்லாயை விமானத்திலேயே மாட்டிக்கொண்டவர், ஊர் திரும்பும் வரை கழற்றவில்லை. முதல் நாள் காலைத் தட்டில் தக்காளிச் சாற்றில் ஊறிய பயறு வந்தது. அதைக் கரண்டியால் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, தாளிக்க மறந்துட்டாங்களாட்ட இருக்குதுங்க," என்றார். பிறகு கோட்டுப் பையிலிருந்து பருப்புப் பொடிப் பொட்டலத்தை எடுத்துத் தூவினார். பரிமாறிய அம்மாள் ஒரு சிட்டிகை கேட்டு வாங்கி வாயில் போட்டு, கண்ணில் நீர் வரும்வரை இருமினார். மறுநாள் அவரே வந்து இன்னொரு சிட்டிகை கேட்டார்.

பாதாள ரயிலில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. திருச்சியில் ஏறினால் விழுப்புரம் வருவதற்குள் எதிர் சீட்டுக்காரரின் சம்பளம், சர்க்கரை அளவு, மூத்த மருமகளோடு என்ன தகராறு என்பதெல்லாம் தெரிந்துவிடும். இங்கே எல்லோரும் செய்தித்தாளுக்குப் பின்னால் குடியிருந்தார்கள். பழனிச்சாமியின் குல்லாயைப் பார்த்து இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள் மட்டும், "பாங்க் கொள்ளையடிக்கப் போகிறாரா, அடித்துவிட்டு வருகிறாரா?" என்று கிசுகிசுத்துக்கொண்டார்கள். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அவர் மகிழ்ச்சியாக அந்தப் பெண்களுக்கு ஒரு கும்பிடு போட்டார்.

சனிக்கிழமை டூட்டிங்கில் இருந்த குகனைப் பார்க்கக் கிளம்பினோம். தெற்கே போக வேண்டியவர்கள் வடக்கே போகும் ரயிலில் ஏறி, தண்டவாளம் தீர்ந்துபோகும் இடம் வரைக்கும் போய்விட்டோம். ஒரு பாட்டியம்மாள் எங்களைக் கையைப் பிடித்து எதிர்ப்பக்கத்தில் நிறுத்திவிட்டு, ரயில் நகரும் வரை சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டே நின்றார்.

டூட்டிங் கடைத்தெருவில் இறங்கியதும் மூக்கு முதலில் ஊருக்குத் திரும்பியது. கருவாடு, கறித்தூள், வாழைப்பூ, எல்லாவற்றையும் கண்ணாடிக்குப் பின்னால் மரியாதையாக அடுக்கியிருந்தார்கள். குகன் நாலைந்து பையன்களோடு ஒரு வீட்டில் இருந்தான். ஒல்லியான, நிதானமான பையன். இடியப்பமும் சொதியும் மீன் குழம்பும் அவனே சமைத்திருந்தான். பழனிச்சாமி அதுவரை சைவம். அன்றைக்குக் குழம்பு மட்டும் ஊற்றிக்கொண்டார். அடுத்த முறை ஊற்றும்போது மீன் தவறி விழுந்துவிட்டதாகச் சொன்னார்.

எனக்குத்தான் நிம்மதி இல்லை. பையன் நல்லவனாகத் தெரிந்தான், ஆனால் வேலையைப் பற்றிக் கேட்டால் மட்டும் நழுவினான். "சிட்டிக்குள்ளை ஒரு இடம் அண்ணை. கிச்சன் வேலை," என்று சொல்லிவிட்டு என் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தான். எப்படிப்பட்ட இடம் என்றேன். இடியப்பம் வைத்தான். கூட இருந்த பையன்களுக்கும் அதற்கு மேல் தெரியவில்லை. கனகசபையிடம் என்ன சொல்லப்போகிறேன் என்று யோசித்துக்கொண்டே திரும்பினேன்.

அடுத்த வாரம் பழனிச்சாமிக்கு ஒரே ஒரு கவலை. "ஊருக்குப் போனா பசங்க கேப்பாங்கல்லோ? என்னத்தைச் சொல்றதுங்க?" என்று தினமும் ஆரம்பித்தார். ஒரு மாலை சோஹோ பக்கம் போய் விளக்குகளைப் பார்த்தோம். வாசலில் நின்ற தடியர்கள் மாமன் மச்சானைக் கூப்பிடுவது போல எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். அந்த அன்பைப் பார்த்தே பயந்து ஓடி வந்துவிட்டோம். மறுநாள் எங்கள் பயிற்சியாளர், ஓய்வுபெறும் வயதிலிருந்த வெள்ளைக்காரர், விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். அங்கேயெல்லாம் வெளியே விளக்கு எரியும், உள்ளே கலர் தண்ணீரைக் கொடுத்து உடுப்பை உருவிவிடுவார்கள், அதுவும் உங்கள் உடுப்பை, என்றார். கிழக்குப் பக்கம் ஒரு பப் இருக்கிறது, மத்தியானம் போங்கள், மலிவு, நாணயமான இடம், சாண்ட்விச்சும் நன்றாக இருக்கும் என்று, ஒரு நல்ல பல் டாக்டரைச் சிபாரிசு செய்கிற தொனியில் சொன்னார்.

வெள்ளிக்கிழமை அரை நாள்தான் பயிற்சி. பழனிச்சாமிக்குத் துணையாகத்தான் போனேன் என்று சொன்னால் யார் நம்பப்போகிறீர்கள்? ஆசையும் இருந்தது.

தெருமுனையில் சாதாரணப் பப். ஜன்னல்களுக்கு மட்டும் உள்ளேயிருந்து கனமான திரை. உள்ளே பாவம் செய்கிற இடத்துக்கான அறிகுறி எதுவும் இல்லை. பீரும் வினிகரும் கலந்த வாசனை. பெயின்ட் ஒட்டிய உடுப்போடு சில தொழிலாளர்கள், டை கட்டிய சில குமாஸ்தாக்கள், மேசைக்கடியில் நாயைத் தூங்கவிட்டுக் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த ஒரு கிழவர். மூலையில் கட்டில் அகலத்தில் ஒரு மேடை. பாட்டுப் பெட்டி ஒன்று. திருச்சி ரயில்வே கேன்டீனில் இதைவிடப் பரபரப்பு அதிகம். நாங்கள் சுவரோரமாக, வெளியே போகும் வழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டோம்.

அங்கே ஒரு வழக்கம். ஆடப்போகிற பெண் முதலில் ஒரு காலி பீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மேசையாக வருவாள். ஒவ்வொருவரும் ஒரு பவுண்டு நாணயம் போட வேண்டும். போடும்போது நலம் விசாரிப்பு நடக்கும். கிழவரிடம் நாயின் வயிற்றுக்கோளாறு எப்படியிருக்கிறது என்று கேட்டாள். பெயின்ட்காரரிடம் மகளுக்குப் பிரசவம் ஆயிற்றா என்று கேட்டாள். பெயர் மொரீன். முப்பதைத் தாண்டியவள், கிளாஸ்கோக்காரி என்று பிறகு தெரிந்தது.

கோப்பை எங்கள் மேசைக்கு வந்தது. நான் நாணயத்தைப் போட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். பழனிச்சாமி பதற்றத்தில் இருந்தார். வலது கையால் நாணயத்தைப் போட்டார். போட்ட கையைக் கோப்பைக்கு மேலே காட்டி, இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டு, கண்ணை மூடிக் குல்லாய்த் தலையை லேசாகத் தாழ்த்தினார். பிறந்ததிலிருந்து கற்பூரத் தட்டில் காசு போட்ட கை, வேறென்ன செய்யும்?

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இதற்கு என்ன அர்த்தம் என்று மொரீன் என்னைக் கேட்டாள். கோயிலில் தட்டு வரும்போது நாங்கள் இப்படித்தான் செய்வோம், கைப்பழக்கம், மன்னிக்க வேண்டும் என்று திக்கித் திணறிச் சொன்னேன். அவள் கோபித்துக்கொள்வாள் என்று பயந்தேன். அவளோ பழனிச்சாமியைக் கொஞ்ச நேரம் கனிவோடு பார்த்துவிட்டு, "காசு போட்டதும் எல்லோரும் கண்ணை அகலத் திறப்பார்கள். மூடியது நீங்கள் ஒருவர்தான்," என்றாள். சிரிப்பில் நாய் எழுந்துகொண்டது.

பிறகு அவள் பாட்டைத் தேர்ந்தெடுத்து மேடையேறி ஆடினாள். அதை நான் வர்ணிக்கப்போவதில்லை. அலுவலகத்திலும் வர்ணிக்கவில்லை, அவர்களுக்கு ஏமாற்றம்தான். எனக்கு நினைவிருப்பது, கிழவர் சரியான இடத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்ததும், முடிந்ததும் எல்லோரும் கச்சேரிக்குத் தட்டுவது போல மரியாதையாகக் கை தட்டியதும்தான்.

பாட்டு நின்றதும் சமையலறைக் கதவு திறந்தது. கெட்டித் துவாலைத் துணியில் தைத்த சிவப்பு அங்கி ஒன்றைக் கையை நீட்டிப் பிடித்தபடி ஓர் இளைஞன் வந்தான். முகத்தை மேடைக்கு எதிர்ப்புறம், சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தான். நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்தான். வழியிலிருந்த மேசைக்காரர்கள் பேச்சை நிறுத்தாமலே தங்கள் கோப்பைகளைத் தூக்கி வழிவிட்டார்கள். மொரீன் அங்கியை வாங்கிப் போர்த்திக்கொண்டு, "நன்றி, டார்லிங்," என்று அவன் தோளைத் தட்டினாள். அதற்குப் பிறகுதான் அவன் கழுத்து இளகியது.

ஆனால் அவன் பார்த்த அந்தச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது நான். குகனும் நானும் நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டோம். யார் யாரைப் பிடித்தது என்று இருவருக்குமே தெரியவில்லை. நான் எழுந்து நின்றேன்.  "அண்ணை," என்றான் அவன்.  திரும்பிச் சமையலறைக்குள் போய்விட்டான்.

உடனே எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. இன்னும் இரண்டு பெண்கள் கோப்பையோடு வந்து ஆடிப் போனார்கள். நான் மேடைக்குக் கண்ணைக் கொடுத்தாலும் மனம் அந்தக் கதவில்தான் இருந்தது. ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் கதவு திறந்தது. என்னைப் பார்க்க வெட்கப்பட்டு அவன் சுவரை இன்னும் கொஞ்சம் உயரத்தில் பார்த்தான், அவ்வளவுதான் வித்தியாசம். மேடைப்பக்கம் ஒரு தடவைகூடக் கழுத்து திரும்பவில்லை.

கூட்டம் கலைந்ததும் மொரீனே வந்து எங்களைச் சமையலறைக்குக் கூட்டிப் போனாள். குகன் இஞ்சி போட்டு, பால் விடாத சாயத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தான், அந்தப் பெண்களுக்கு வழக்கமாகப் போடுகிறதாம். குளிர்பெட்டியின் கதவில் சுகந்தியின் போட்டோ ஒட்டியிருந்தது. எங்கள் வீட்டு மொட்டை மாடியில், நான் எடுத்த போட்டோ. 

மொரீன் நிறையப் பேசினாள். முன்பு இந்த அங்கி வேலையைச் செய்தவன் முறைத்து முறைத்துப் பார்த்து எல்லோரையும் அழவைத்தானாம். இவன் வந்த பிறகு வேறு யாரையும் அந்த வேலைக்கு விட அவர்கள் சம்மதிப்பதில்லை. போட்டோவிலிருக்கும் பெண்ணை எல்லோருக்கும் பிடித்துவிட்டது. கல்யாணத்துக்கு என்ன நிறத்தில் உடுத்துவது என்று பேச்சு ஓடுகிறது. "ஆனால் இவன் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. தினமும் திட்டுகிறோம்," என்று முடித்தாள். குகன் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தான். சர்க்கரை எப்போதோ கரைந்திருக்கும்.

மொரீன் போனதும் அவன் வாயைத் திறந்தான். "முதல் நாள் எங்கை பாக்கிறதெண்டு தெரியேல்லை அண்ணை. சுவரைப் பாத்தன். அதுவே பழகிப்போச்சு."

வேறு வேலை பார்க்கக் கூடாதா என்றேன். பார்த்தானாம். பெட்ரோல் நிலையத்தில் அடி வாங்கினான், இன்னோர் உணவகத்தில் கெட்ட வார்த்தை வாங்கினான். அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டது இந்த இடத்தில்தானாம்.

"அப்ப சுகந்திகிட்ட சொல்லிட வேண்டியதுதானே தம்பி?"

"போனிலை எப்பிடிச் சொல்லுறது? அங்கை நீங்கள் எல்லாரும் இருக்கிறியள். இஞ்சை பின்னாலை பெடியள் லைனிலை நிக்கிறாங்கள். மறைச்சுப்போட்டு அவவை இஞ்சை கூப்பிட எனக்கு மனம் வரேல்லை. அண்ணை, நீங்களே அவவிட்டைச் சொல்லுங்கோ. அவ வேண்டாமெண்டால் வேண்டாம்தான். பிறகு ஒரு கதையும் இல்லை."

அப்படிச் சொல்லும்போது அவன் போட்டோவைப் பார்க்கவில்லை. அதற்கும் தைரியம் வேண்டியிருந்தது போல. அந்த நிமிடத்தில் எனக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது, என் சொந்தத் தம்பியாக இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அதன் பிறகுதான் உறைத்தது. இதைச் சொல்ல வேண்டுமானால் நான் அங்கே போனதையும் சொல்ல வேண்டும். குகனிடம் அதைச் சொன்னேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "ஓம். அதுவும் ஒரு பிரச்சினைதான்," என்றான்.

விமானத்தில் பழனிச்சாமி யோசனை மேல் யோசனை சொன்னார். மழைக்கு ஒதுங்கினோம் என்று சொல்லலாம். வழி கேட்க நுழைந்தோம் என்று சொல்லலாம். "இல்லீன்னா நான் உள்ளே போனேன், நீங்க வெளியே நின்னீங்கன்னு சொல்லிப்போடுங்க. எம் மேலயே போடுங்க, எனக்கென்ன," என்றார். நல்ல மனிதர். அவருக்கும் வீட்டில் மனைவி உண்டு, ஆனால் அந்த வீடு கோயம்புத்தூரில் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கனகசபை மாடியிலிருந்து இறங்கி வந்தார். பையன் எப்படி என்றார். தங்கமான பையன், சமையல் பிரமாதம் என்றேன். வேலை என்றார். கிச்சன் வேலை, நல்ல பெயர் எடுத்திருக்கிறான் என்றேன். எல்லாம் உண்மை. அவர் திருப்தியாக மாடியேறினார். சுகந்தி மட்டும் படியில் நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போனாள். அவளுக்கு அந்தப் பதில் போதவில்லை என்று தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்றைக்குப் போன் வந்ததும் நாள் வைக்கும் பேச்சு. கனகசபை மீன் வாங்கக் கிளம்பிய நேரம் பார்த்து, துணி காயப்போடப் போன சுகந்தியைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். சரோஜா அடுப்படியில் மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தை நம்பித்தான் ஆரம்பித்தேன்.

மழையில் ஒதுங்கிய கதை பாதியிலேயே என் வாய்க்குள் செத்துப்போனது. உள்ளதை உள்ளபடி சொன்னேன். எப்படிப்பட்ட இடம், அங்கே பெண்கள் என்ன செய்கிறார்கள், ஆட்டம் முடிந்ததும் அங்கி கொண்டுபோய்க் கொடுப்பது குகனின் வேலை, இதை அவனே சொல்லச் சொன்னான், உனக்கு வேண்டாமென்றால் அவனுக்கு வருத்தமில்லை. கடைசியில் சொன்னது மட்டும் பொய். சுகந்தியின் முகம் வெளுத்துவிட்டது. மடியில் இருந்த ஈரத் துணியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். நான்தான் ஒரு கல்யாணத்தை உடைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"அந்த ஆக்கள் அவரை என்னெண்டு கூப்பிடுறவை, அங்கிள்?"

"டார்லிங்னு," என்றேன். அந்த ஊரில் பஸ் கண்டக்டர் அம்மாகூட என்னை அப்படித்தான் கூப்பிட்டாள் என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டேன்.

அவள் சிரிக்கவில்லை. முறுக்கிய துணியை மடியில் விரித்துவிட்டு, "அதைக் குடுக்கேக்கை அவர் எங்கை பாத்துக்கொண்டு நிண்டவர்?" என்று கேட்டாள்.

"சுவத்தை."

"ஒவ்வொருமுறையுமோ?"

"ஒவ்வொருமுறையும். நான் பார்த்துட்டேதான் இருந்தேன். ஒரு தடவைகூடத் திரும்பல."

மிக்ஸி எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. அடுப்படி வாசலில் சரோஜா கரண்டியோடு நின்றிருந்தாள். "அவர் சுவத்தைப் பாத்தாரு, சரி," என்றாள். "ஒவ்வொருமுறையும்னா, நீங்க எத்தனைமுறை பாத்தீங்க?"

போன் அடித்தது. அந்த மணிச் சத்தத்தை நான் அவ்வளவு அன்போடு ஒருநாளும் கேட்டதில்லை. வழக்கமாக நான் எடுத்து, நலம் விசாரித்து, கனகசபையிடம் கொடுத்து, அவர் சுகந்தியிடம் கொடுப்பார். அன்றைக்குக் கனகசபை இன்னும் திரும்பவில்லை, நான் எழுவதற்குள் சுகந்தி எடுத்துவிட்டாள். சரோஜா பழக்கதோஷத்தில் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டாள். அதனால் எல்லாம் கேட்டது.

"ஓம். அங்கிள் சொன்னவர்," என்றாள் சுகந்தி.  அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. அவள் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

"இப்ப பாக்கிறது சரி. நான் அங்கை வந்தாப் பிறகும் சுவரைத்தான் பாத்துக்கொண்டு நிப்பியளெண்டால், அதை இப்பவே சொல்லிப்போடுங்கோ."